பத்தில் எட்டு பாகம்

அந்த வருடத்தின் பின்பாதியில் உச்சி ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. விளிம்பில்தான் உட்காருவார். ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். காபியை ஆறவிடுவார், ஆறியதைச் சூடு பண்ணச் சொல்வார், சூடு பண்ணி வந்ததையும் மறந்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். அங்கிருந்து திரும்பி வந்து இன்னொரு நாற்காலியின் விளிம்பில் உட்காருவார்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. உச்சியை அறிந்தவர்களுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய வேலை. கட்டடம் எழும்புகிற இடங்களில் எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டி நிற்குமே அந்த நெட்டைக் கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, எறும்பளவில் தெரிகிற ஆட்களுக்கு நடுவே இரும்புக் கட்டுகளையும் கான்கிரீட் பலகைகளையும் பூப்போல இறக்கி வைப்பவர் அவர். காலையில் ஏறினால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறங்க மாட்டார். இரண்டு கைகளும் கிரேனை இயக்குகிற இரண்டு லிவர்களின் மேல் தூங்குகிற பூனைகள் மாதிரிக் கிடக்கும். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற இடத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் உச்சி. தளத்தில் யாராவது கையை விரித்து, "மேல இருக்கறவரு பாத்துக்குவாரு" என்றால், கடவுளைச் சொல்கிறார்களா உச்சியைச் சொல்கிறார்களா என்று புது ஆட்கள் முழிப்பார்கள். வாக்கிடாக்கியில் உச்சியின் குரல் வரும்: "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முதல்ல நீ அந்த இடத்தை விட்டு நகரு."

எனக்கு அவர் சகலை. அவர் கட்டியது என் மனைவியின் அக்காவை. மாமனார் வீட்டில் அவருக்கு மூத்த மாப்பிள்ளை மரியாதை போக மிச்சம் இருந்தால் எனக்கு வரும். பிழைக்க வந்த இடத்தில் இரண்டு குடும்பமும் ஒரே தெருவில், எதிரெதிர் குடியிருப்புகளில் இருக்கிறோம். அவர்கள் வீட்டு விளக்கு எரிவதும் அணைவதும் எங்களுக்குத் தெரியும், எங்கள் சண்டை அவர்களுக்குக் கேட்கும்.

அவர் வேலை பார்த்த பழைய நிறுவனத்தை வேறொன்று வாங்கியது. வாங்கியவர்கள் பழைய ஆட்களின் இத்தனை வருடச் சேவைப் பணத்தையும் ஒரே மூச்சில் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். பிறகு அதே உச்சியை அதே கூண்டுக்கு வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். வருடா வருடம் மருத்துவச் சோதனை. கண், இரத்த அழுத்தம், முட்டி எல்லாம் தேறினால் இன்னொரு வருடம். ஐம்பத்தாறு வயதில் இன்னும் நாலைந்து வருடம் தேறினால் பெரிது. மகள் படித்து முடித்து வேறு ஊரில் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் கை நீட்டுவதில்லை என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே பிடிவாதம். ஆக, அவர் கடைசியாகக் கீழே இறங்குகிற நாளிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட வேண்டிய சாப்பாடு, கட்ட வேண்டிய வாடகை, விழுங்க வேண்டிய மாத்திரை எல்லாமே அந்தப் பணம்தான். வேறு ஒன்றும் கிடையாது.

அதை எங்கே, எப்படிப் பிரித்துப் போடுவது என்று கேட்க வங்கிக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்றால், "கூட ஒரு ஆள் இருந்தா நல்லதுதானே" என்று அக்கா சொன்னாள். எனக்குப் பணம் என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு ஆள் என்றால் ஒரு ஆள், அவ்வளவுதான்.

கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. மேசைமேல் பிளாஸ்டிக் செடி. முதலீட்டு ஆலோசகர் இளவயதுப் பெண், நம் மொழிக்காரி. வாடிக்கையாளர் எவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்குவார் என்று கண்டுபிடிக்கச் சில கேள்விகள் உண்டு என்றும், பதில்களுக்கு ஏற்றபடிதான் பங்குச் சந்தையில் எவ்வளவு, கடன் பத்திரத்தில் எவ்வளவு, வைப்புநிதியில் எவ்வளவு என்று பிரிப்பது என்றும் விளக்கினாள்.

"நீங்க போட்ட பணம் ஒரே வருஷத்துல அஞ்சுல ஒரு பாகம் குறைஞ்சுபோச்சுன்னு வைங்க சார். என்ன பண்ணுவீங்க? எல்லாத்தையும் வித்துடுவீங்களா, கொஞ்சம் விப்பீங்களா, பொறுத்திருப்பீங்களா, இல்ல இன்னும் வாங்குவீங்களா?"

உச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, நாலு டன் பலகை காத்துல ஆடுது. கீழ ஆளுங்க நிக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? கூண்டை விட்டுக் குதிச்சுடுவேனா?"

"அப்ப பொறுத்திருப்பீங்கன்னு போட்டுக்கவா?"

"பொறுக்கறது என்ன பொறுக்கறது? நமக்கு வேலையே அப்பத்தான் ஆரம்பம். இன்னும் வாங்குவேன்னே போடுங்க."

"ரிஸ்க்னு சொன்னா உங்க மனசுல என்ன தோணுது? ஆபத்து, குழப்பம், வாய்ப்பு..."

"திங்கக்கிழமை. வேலைக்கு ஏறற நாள்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே எதையோ அழுத்தினாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீங்க எப்படிம்மா?" என்றாள்.

"அவளைக் கேக்காதீங்க" என்றார் உச்சி. "ஏணியில ரெண்டாவது படி ஏறினாலே கண்ணை மூடிக்கற ஆளு."

அது உண்மை. அக்கா மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு பால்கனிப் பக்கமே போகாதவள். துணியைக் கூடத்தில் கொடி கட்டித்தான் உலர்த்துவாள். கணவர் வேலை செய்கிற தளத்துக்கு ஒரே ஒரு முறை போனாள், அண்ணாந்து பார்த்தாள், அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். மடியிலிருந்த கைப்பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். ஆலோசகர் அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

கணக்கு வந்தது. துணிச்சலான முதலீட்டாளர். பத்தில் எட்டு பாகம் பங்குச் சந்தை, இரண்டு பாகம் மற்றவை. ஆலோசகர் கொஞ்சம் தயங்கினாள். "நாலஞ்சு வருஷத்துல எடுக்க ஆரம்பிக்கற பணம்னா எட்டு ஜாஸ்திதான் சார். இது வெறும் வழிகாட்டிதான். அஞ்சு, ஆறுன்னு வெச்சுக்கலாமே?"

"கணக்கு எட்டுன்னு சொல்லுது, நீங்க அஞ்சுங்கறீங்க. நான் எழுதின பரீட்சையில மார்க்கைக் குறைக்கறீங்களே!"

அவருக்கு அது மார்க்காகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்காததை ஐம்பத்தாறு வயதில் வாங்கிவிட்ட மாதிரி. மறுநாள் தளத்தில் சாப்பாட்டு வேளையில் "எட்டு!" என்று சொல்லிக் காட்டியிருக்கிறார்.

அன்று வங்கியை விட்டுக் கிளம்பும் முன் அக்கா ஒரு காரியம் செய்தாள். மருத்துவமனையில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் வெளுத்து அடுக்கி அனுப்புகிற பிரிவில் அவளுக்கு வேலை. அதில் மிச்சம் பிடித்த சின்னத் தொகை ஒன்று சேமிப்புக் கணக்கில் கிடந்தது. "இது சும்மா கிடக்கு. என் பேர்லயே, அவரு போடற அதே பங்கு ஃபண்டுல போட்டுடு கண்ணு" என்றாள். போட்டார்கள். நாங்கள் கிளம்பினோம்.

முதல் சில மாதம் சந்தை நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு ஒரு வாரம் சரிந்தது. அடுத்த வாரம் இன்னும் சரிந்தது.

இந்த இடத்தில் உச்சியின் தொழிலில் உள்ள ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். கயிற்றில் தொங்குகிற சுமை காற்றில் ஆட ஆரம்பித்தால், கற்றுக்குட்டி அதை எதிர்த்திசையில் இழுப்பான். ஆட்டம் இன்னும் கூடும். தேர்ந்தவர் சுமை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொக்கியையும் ஓட்டுவார். சுமை தன் வீச்சின் கடைசிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்போது கயிறு அதன் நேர்மேலே வந்து சேரும். ஆட்டம் செத்துவிடும். இதற்குப் பெயர் சுமையைப் பிடிப்பது. உச்சியைப்போலப் பிடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே அந்தப் பக்கம் போய்விடும்.

சந்தை சரிந்தபோதும் அந்தக் கை தானாகவே போய்விட்டது. கீழே போகிறதா, கூடவே போ. விற்றார். எல்லாவற்றையும் இல்லை, பாதியை. இரண்டு வாரம் கழித்துச் சந்தை எகிறியது. மேலே போகிறதா, கூடவே போ. விற்றதைவிடக் கூடின விலையில் திரும்ப வாங்கினார். வாங்கின கையோடு மறுபடி சரிந்தது. இந்த முறை முக்கால்வாசியை விற்றார். எகிறியது. வாங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் கணக்கில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஓடவில்லை, பயப்படவில்லை. சுமையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் உட்காரவில்லை என்பதுதான். குளியலறைக்குள் போனால் அரைமணி நேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காது. சாப்பிடும்போது இடது கை மேசைக்கு அடியில் இருக்கும். "என்ன சகலை, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டால், "சூடு" என்பார். குளிர்காலம்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. அவரே பின்னால் எனக்குச் சொன்னது இது. ஒன்பதாவது தளத்துக்கு ஒரு படிக்கட்டுத் துண்டை இறக்கிக்கொண்டிருந்தார். வாங்கிப் பொருத்த அங்கே இரண்டு பேர் கையை உயர்த்தி நின்றார்கள். பக்கத்தில் நின்று வாக்கிடாக்கியில் வழி சொன்னவர், எல்லோரும் சைகை என்று கூப்பிடுகிற ஆள். கை ஜாடையாலேயே குடும்பம் நடத்துகிறவர் என்று தளத்தில் பெயர். பதினோரு வருடமாக உச்சியின் கண் அவர்தான். "இறக்குங்க... இறக்குங்க... மெதுவா... நிறுத்துங்க" என்று சைகை சொன்னார். அதே நேரம் உச்சியின் சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது. விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் துடிக்கும்படி அவரே வைத்த ஏற்பாடு. கூண்டுக்குள் கைப்பேசியே கூடாது என்பது சட்டம்.

"நிறுத்துங்க" என்றது காதில் விழுந்தது. கை நிறுத்தவில்லை. ஒரு நொடி. அதற்குள் இரண்டு பேரும் பின்னால் தாவிவிட்டார்கள். படிக்கட்டு சாரத்துக் குழாயில் மோதி, குழாய் வளைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேற்பார்வையாளர் கேட்டார். காற்று என்றார் உச்சி. சைகையும் காற்று என்றார். அன்றைக்குக் காற்று வாங்கக்கூடக் காற்று இல்லை.

சாப்பாட்டு மணிக்கு இறங்கி வந்தவரைக் கொட்டகைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார் சைகை.

"காத்துன்னு சொன்னீங்க. நானும் ஆமான்னேன். அது ஒரு தடவைக்குத்தாண்ணே."

"சரிப்பா."

"என்ன சரி? வீட்ல பிரச்சனையா?"

"இல்ல."

"உடம்பா?"

"இல்லப்பா. சந்தை."

"எந்தச் சந்தை? காய்கறியா?"

உச்சி கைப்பேசியை எடுத்துக் காட்டினார். சிவப்பில் சில எண்கள். சைகை அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"எனக்கு இது ஒரு எழவும் புரியல. ஆனா அங்க கையைத் தூக்கிக்கிட்டு நின்ன ரெண்டு பேருக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு. உங்க சந்தை அவனுங்க தலையில விழக்கூடாது. நாளைக்கும் இந்தக் கை இப்படித்தான் இருக்கும்னா நான் உங்களுக்கு வழி சொல்ல மாட்டேன். மேற்பார்வை கிட்டப் போய் இன்னைக்குக் காத்து அடிக்கலன்னு சொல்லிடுவேன். இதைக் குடுங்க."

பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து ஏறுவதற்கு முன் உச்சியின் கைப்பேசி சைகையிடம். அதனால் நிலைமை தேறியதா என்றால் இல்லை. மேலிருந்து வாக்கிடாக்கியில் குரல் வரும்: "டேய், துடிச்சுதா?"

"அண்ணே, பேசாம கம்பியைத் தூக்குங்க."

"எத்தனை தடவை துடிச்சுது, அதை மட்டும் சொல்லு."

"எண்ணல. உங்க பணம் என் தொடையைக் குத்திக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான் தெரியும். இதுக்குத் தனிச் சம்பளம் போடச் சொல்லுங்க."

அந்த வாரக் கடைசியில் அக்காவிடம் வந்து சேர்ந்தது விஷயம். சைகையின் மனைவி அக்காவோடு ஒரே பிரிவில் வேலை செய்பவள். விரிப்பு மடிக்கிற இடத்தில் எதுவும் ரகசியமில்லை. நாங்கள் எதிர்ப்புறம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்காவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு, "வாங்க" என்றாள். போனோம்.

கூடத்தில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எத்தனை தடவை வித்தீங்க?"

"நாலு... அஞ்சு."

"எத்தனை தடவை வாங்கினீங்க?"

"அதே அளவுதான். அதான் சரியாப் போச்சே."

"ஆள் மேல இறக்கப் பாத்தீங்களாமே!"

"யார் மேலயும் இறக்கல. அவனுங்க நகந்துட்டானுங்க."

"நகராம இருந்திருந்தா?"

உச்சி கொடியில் தொங்கிய ஒரு சட்டையின் கையைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தார்.

"நீ போட்டியே அது என்ன ஆச்சு?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"எது?"

"உன் பேர்ல போட்டியாமே."

அக்கா யோசித்தாள். நடிப்பில்லை, உண்மையாகவே யோசித்தாள். "அதைப் போட்டதோட சரி. ஏன், அதுக்கும் தினம் ஏதாவது பண்ணணுமா?"

கடவுச்சொல் அவளுக்கு நினைவில்லை. மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவள் அங்கிருந்து திட்டி, ஏதோ எண் வரவழைத்து ஒருவழியாகத் திறந்தார்கள். போட்டதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஆறு மாதத்தில் சந்தை விழுந்து எழுந்து புறப்பட்ட இடத்தையே தாண்டியிருந்தது. உச்சியின் பணத்தில் எட்டில் ஒரு பாகம் இல்லை.

"இதெல்லாம் நடந்தப்ப உங்களுக்குப் பயமா இல்லியா?" என்றேன்.

"எது நடந்தப்ப?"

"சந்தை விழுந்துது அக்கா. எல்லாரும் அலறினாங்களே."

"செய்தியில சொன்னாங்க. விழுந்தா எழுந்திருக்காதா? எழுந்திரிக்கலன்னா அப்ப பாத்துக்கலாம். எனக்கு அன்னைக்கு முந்நூறு விரிப்பு வந்து கிடந்துது." பிறகு உச்சியைப் பார்த்து, "நான் பால்கனிக்குப் போகாததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அன்னைக்கு எல்லாருமா சேர்ந்து சிரிச்சீங்களே" என்றாள்.

மறுபடியும் வங்கி. அதே பிளாஸ்டிக் செடி. இந்த முறை உச்சி விளிம்பில் உட்கார்ந்தார். ஆலோசகர் கணினியில் அவர் விற்றதையும் வாங்கியதையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"சார், சந்தை பழைய இடத்துக்கு வந்துடுச்சு. நீங்க வரல."

"நான் சும்மா இல்லைம்மா. பிடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்று சுமையைப் பிடிக்கிற வித்தையை விளக்கினார். பேனாவை நூலில் கட்டாத குறையாக மேசைமேல் ஆட்டிக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். நிஜமான ஆர்வத்தோடு என்றுதான் எனக்குத் தோன்றியது.

"சுமை அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கயித்தோட நீளம் தெரிஞ்சா போதும். எத்தனை தடவை ஆடினாலும் அதே நேரம்தான் எடுக்கும். அது மாறாது."

"இதுல கயிறு எவ்வளவு நீளம்?"

உச்சி பேனாவை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.

"அப்ப நான் பயந்தாங்கொள்ளியா?" என்றார். குரலில் சண்டை இருந்தது, ஆனால் யாரோடு என்று தெரியவில்லை.

"இல்லவே இல்ல சார். உங்க கையில ஒரு லிவர் இருந்தா எதையும் தாங்குவீங்க. இதுல லிவர் இருந்தா அதுதான் உங்களுக்கு ஆபத்து. நான் அன்னைக்குக் கேட்டது உங்க தொழிலைப் பத்தின பதிலா வந்துடுச்சு. அதை நான் இன்னும் கிளறிக் கேட்டிருக்கணும்." பிறகு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினாள். "அம்மா, இந்தத் தடவை நீங்க சொல்லுங்க."

அதே கேள்விகள். ஐந்தில் ஒரு பாகம் போனால்? பொறுத்திருப்பேன். மூன்றில் ஒரு பாகம்? "அடுத்த மாச வாடகை தனியா இருக்கா?" என்று அக்கா திருப்பிக் கேட்டாள். இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஆலோசகர். "அப்ப அது என்ன பண்ணிச்சுன்னு எனக்கெதுக்கு?" உச்சி ஒவ்வொரு பதிலுக்கும் பெண்டாட்டியின் முகத்தைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசிப் பேசிக் கடைசியில் இப்படி ஆனது. உச்சி கூண்டை விட்டு இறங்கிய பின் முதல் சில வருடங்களுக்கு வேண்டிய வீட்டுச் செலவு வைப்புநிதியில். அதற்கு அடுத்த வருடங்களுக்கானது அரசாங்கக் கடன் பத்திரங்களில். இரண்டும் சேர்ந்து பத்தில் ஆறு பாகம், அவர் பெயரில். மீதி நான்கு பாகம் பங்குச் சந்தையில், அக்காவின் பெயரில். வருடத்துக்கு ஒரு முறை இங்கே வந்து, நாலு பாகம் ஐந்தாகியிருந்தால் ஒரு பாகத்தை இந்தப் பக்கம் மாற்றுவது, மூன்றாகியிருந்தால் இங்கிருந்து அங்கே. இடையில் யாரும் எதையும் தொடுவதில்லை. பேர் மாற்றினால் வரி, வாரிசு விவரம் எல்லாம் என்னாகும் என்று கேட்டேன். அதற்கும் பதில் சொன்னாள். போன எட்டில் ஒரு பாகத்துக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. உச்சி இன்னும் ஒரு வருடம் கூடுதலாக ஏற வேண்டியிருக்கும் என்று கணக்கு சொன்னது. முட்டி என்ன சொல்லும் என்று அதற்குத் தெரியாது.

"நாலு போதுமா?" என்று எழுந்திருக்கும்போது உச்சி கேட்டார். "எட்டு போட்டிருந்தவன் நான்."

"நடங்க" என்றாள் அக்கா.

இப்படியொரு ஏற்பாடு வந்த பிறகு மனிதர் அமைதியாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கூண்டில் கை பழையபடி ஆகிவிட்டது. சைகை அதை என்னிடமே சொன்னார். வீட்டில்தான் ஆகவில்லை. அவரிடம் கைப்பேசியில் பார்க்க இப்போது ஒன்றுமில்லை, வைப்புநிதி ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் அக்காவைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்து விலையைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

சென்ற மாதம் சந்தை மறுபடி விழுந்தது. முன்னால் விழுந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி விழுந்தது. நான் அலுவலகத்தில் நாள் முழுக்க என் சொந்தக் கணக்கைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது உச்சி கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தளத்துல எல்லாரும் பேசிக்கறாங்க" என்றார்.

"பேசட்டும்."

"பாத்தியா?"

"இல்ல."

"ஒரு தடவை பாரேன். சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

உச்சி நின்றார். பொய் சொல்லத் தெரியாதவர். "வித்துடுன்னு சொல்லுவேன்."

"அதுக்குத்தான் பாக்கல." அவள் ஒரு போர்வையின் முனையை அவரிடம் நீட்டினாள். "பிடிங்க."

பிடித்தார். இருவருமாக உதறி, மடித்து, கிட்ட வந்து, முனைகளைச் சேர்த்தார்கள். அடுத்ததையும் மடித்தார்கள். மூன்றாவதை அவள் எடுப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சகலை, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்."

நடந்தோம். கடைகளெல்லாம் திறந்திருந்தன, பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். அவர் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. வாடகையைப் பற்றிப் பேசினார், முட்டியைப் பற்றிப் பேசினார், மகள் புது வீடு பார்ப்பதைப் பற்றிப் பேசினார். ஒன்றையும் முடிக்கவில்லை. தெருமுனை திரும்பும்போது சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"உங்களுக்குத் தெரியும்ல? எவ்வளவு போயிருக்கு?"

எனக்குத் தெரியும். கடைசி இலக்கம்வரை தெரியும்.

"பாக்கல சகலை" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. கையை விட்டார். திரும்பக் கேட்கவும் இல்லை. நடையை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.